அதிபரிடம் "வேண்டாம்" என்று சொல்லும் வேலை: வெள்ளை மாளிகை சீஃப் ஆஃப் ஸ்டாஃப் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் முடிந்த கையோடு அறிவிக்கப்படும் பெயர்களில் ஒன்று, புதிய அதிபரின் சீஃப் ஆஃப் ஸ்டாஃப். நம் செய்திகளில் அது ஒரு வரியோடு போய்விடும். உண்மையில் அமைச்சர்கள் பலரைவிட அந்த மனிதருக்குச் செல்வாக்கு அதிகம். இந்தப் பதவியின் வரலாற்றை நான் பல வருடங்களாக ஆர்வத்தோடு படித்து வருகிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அவருக்கு என்னதான் வேலை? பெரிய இடத்து பி.ஏ. என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: பி.ஏ. பார்க்கும் வேலையும் அதற்குள் இருக்கிறது, ஆனால் அதோடு முடிவதில்லை. அதிபரை யார் பார்க்கலாம், எந்தக் கோப்பு அவர் மேசைக்குப் போகலாம், எந்தப் பிரச்சினை அவர் வரை வராமலே தீரவேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்பவர் இவர். அமைச்சர்களுக்குள் சண்டை வந்தால் பஞ்சாயத்து இவரிடம்தான். நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவுக்கு ஓட்டுக் குறைந்தால் பேரம் பேசப் போவதும் பெரும்பாலும் இவர்தான்.

ஒரு சின்ன விஷயத்தை வைத்துச் சொல்கிறேன். 1980 கடைசியில், ரீகனின் சீஃப் ஆஃப் ஸ்டாஃபாகப் பொறுப்பேற்க இருந்த ஜேம்ஸ் பேக்கர், முன்பு அதே நாற்காலியில் இருந்த டிக் செய்னியிடம் போய் யோசனை கேட்டார். சொன்னதைக் கைப்படக் குறித்தும் வைத்தார். செய்னி அழுத்திச் சொன்னவற்றில் ஒன்று, போகிற போக்கில் எடுக்கப்படும் முடிவுகளைப் பற்றியது. ஓர் அமைச்சர் வேறு ஏதோ பேச அதிபரைப் பார்க்க வருவார். எழுந்து கிளம்பும்போது, "அப்புறம் இன்னொரு விஷயம் சார்..." என்று ஆரம்பிப்பார். அதிபரும் தலையாட்டிவிடுவார். அந்த விஷயத்தில் சம்பந்தப்பட்ட மற்ற இரண்டு துறைகளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. அரசாங்கங்கள் சிக்கலில் மாட்டுவது இந்த இடத்தில்தான். எல்லாத் தரப்பும் சொல்வதைக் கேட்ட பிறகே அதிபர் முடிவெடுக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலையின் அடிப்படை.

கேள்வி: அமைச்சர்களைப் போல இவருக்கும் செனட் ஒப்புதல் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அரசியல் சட்டத்தில் இந்தப் பதவியைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அதிபர் விரும்பினால் வைத்துக்கொள்வார், வேண்டாமென்றால் அன்றைக்கே அனுப்பிவிடலாம். அதிபரின் நம்பிக்கைதான் அவருடைய ஒரே பலம்.

கேள்வி: இந்தப் பதவி எப்போது வந்தது? லிங்கன் காலத்தில் இருந்ததா?

பதில்: லிங்கன் காலத்தில் இல்லை. ஆரம்பகால அதிபர்கள் ஒரு செயலாளர் வேண்டுமென்றால் சொந்தக் காசில்தான் வைத்துக்கொண்டார்கள். அதற்கென நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியதே 1857-இல்தான். உள்நாட்டுப் போர் நடந்தபோது லிங்கனுக்குக் கைகொடுத்தவர்கள் ஜான் நிகோலே, ஜான் ஹே என்ற இரண்டு இளைஞர்கள். வேலைக்குச் சேர்ந்தபோது இருவருமே இருபதுகளில் இருந்தவர்கள். வெள்ளை மாளிகையிலேயே தங்கி, குவிகிற கடிதங்களையும் வேலை கேட்டு வரிசையில் நிற்கிற கூட்டத்தையும் சமாளித்தார்கள்.

மாற்றம் வந்தது ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில். அரசு நிர்வாகத்தை ஆராய அவர் அமைத்த பிரவுன்லோ குழு, அதிபருக்கு உதவி தேவை என்று 1937-இல் வெளிப்படையாக எழுதியது. 1939-இல் அதிபரின் நிர்வாக அலுவலகம் உருவானது. 1946-இல் ட்ரூமன், ஜான் ஸ்டீல்மன் என்பவரை அதிபரின் உதவியாளர் என்ற பெயரில் நியமித்தார். பலர் அவரைத்தான் முதல் சீஃப் ஆஃப் ஸ்டாஃப் என்று கணக்கில் எடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு முழு உருவம் கொடுத்தவர் 1953-இல் வந்த ஐசனோவர். ராணுவத்தில் தளபதிக்குக் கீழே இப்படி ஓர் அதிகாரி இருப்பது வழக்கம். இரண்டாம் உலகப் போரில் வால்டர் பெடல் ஸ்மித்தை அப்படி வைத்து வேலை வாங்கிப் பழகியவர், வெள்ளை மாளிகைக்கும் அதே முறையைக் கொண்டுவந்தார். நியூ ஹாம்ப்ஷயர் மாநில ஆளுநராக இருந்த ஷெர்மன் ஆடம்ஸ் அந்த இடத்துக்கு வந்தார்.

கேள்வி: அந்த ஆடம்ஸ் ஒரு கோட்டினால் பதவி இழந்தார் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். பாஸ்டனைச் சேர்ந்த ஜவுளி முதலாளி பெர்னார்ட் கோல்ட்ஃபைனிடமிருந்து அவர் பரிசுகள் வாங்கியிருந்தார். அதில் ஒன்று விகுன்யா கோட். விகுன்யா என்பது ஆண்டிஸ் மலையில் வாழும் ஒரு விலங்கு. அதன் ரோமம் மிக மென்மையானது, விலையும் அதிகம். கோல்ட்ஃபைனுடைய நிறுவனங்கள் மீது அரசு விசாரணை இருந்தபோது, ஆடம்ஸ் அந்தத் துறைகளில் அதுபற்றி விசாரித்ததும் வெளியே வந்தது. 1958-இல் நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கியதால் சொந்தக் கட்சிக்காரர்களே பயந்துபோனார்கள். செப்டம்பரில் விலகினார்.

அவருக்கு ஆதரவாக நிற்க ஆளில்லாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐந்து வருடங்களாக எல்லோருக்கும் "முடியாது" சொல்லிச் சொல்லி, முகம் கொடுத்துப் பேசாத மனிதர் என்று பெயர் வாங்கியிருந்தார். "ஐசனோவர் இறந்து துணை அதிபர் நிக்சன் அதிபரானால் என்ன ஆவது?" என்று ஒருவர் கேட்க, "ஆடம்ஸ் இறந்து ஐசனோவர் அதிபரானால் என்ன ஆவது?" என்று மற்றவர் திருப்பிக் கேட்பதாக அன்றைய வாஷிங்டனில் ஒரு நகைச்சுவை உலவியது. அவருடைய அதிகாரம் எவ்வளவு, அதன் மீது எரிச்சல் எவ்வளவு என்று இரண்டையும் அது காட்டுகிறது.

கேள்வி: கென்னடி இப்படி ஒருவரை வைத்துக்கொள்ளவில்லையாமே. அவர் நன்றாகத்தானே ஆட்சி செய்தார்? பிறகு எதற்கு இந்தப் பதவி?

பதில்: நல்ல கேள்வி. கென்னடி சக்கர முறையை விரும்பினார். அச்சில் அதிபர், ஆரக்கால்களாக ஆலோசகர்கள். ஒவ்வொருவரும் நேராக அதிபரிடம் வரலாம். சிறிய குழு, துடிப்பான அதிபர் என்பதால் அது ஓடியது. வெள்ளை மாளிகை ஊழியர்கள் பெருகப் பெருக அந்த முறை தாங்கவில்லை என்பதுதான் என் கருத்து.

அதற்கு ஜெரால்ட் ஃபோர்டே சாட்சி. நிக்சன் காலத்துக் கெடுபிடிக்கு மாற்றாக, 1974-இல் எல்லோருக்கும் கதவைத் திறந்துவைத்தார். சில வாரங்களிலேயே குழப்பம். டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டைக் கூப்பிட்டு ஒழுங்குபடுத்தச் சொன்னார். அடுத்த வருடம் ரம்ஸ்ஃபெல்ட் பாதுகாப்புத் துறைக்குப் போனதும், அவருக்குக் கீழே இருந்த டிக் செய்னி 34 வயதில் அந்த இடத்துக்கு வந்தார். ஃபோர்டின் ஆட்சி முடிந்தபோது ஊழியர்கள் செய்னிக்கு ஒரு சைக்கிள் சக்கரத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஒரே ஒரு கம்பியைத் தவிர மற்றதெல்லாம் உடைந்து கோணியிருந்தது. செய்னி அதைத் தன் அறையிலேயே விட்டுவிட்டு, அடுத்த அதிபர் கார்ட்டரின் ஆளான ஹாமில்டன் ஜோர்டனுக்கு, இந்தச் சக்கரத்திடம் ஜாக்கிரதை என்ற பொருளில் ஒரு குறிப்பும் எழுதிவைத்தார்.

கார்ட்டர் கேட்கவில்லை. தானே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள முடியும் என்று நம்பினார். இரண்டரை வருடம் கழித்து, 1979 ஜூலையில் அதே ஜோர்டனை சீஃப் ஆஃப் ஸ்டாஃபாக அறிவிக்க வேண்டிவந்தது. அதன் பிறகு எந்த அதிபரும் இந்தப் பதவி இல்லாமல் ஆட்சியைத் தொடங்கியதில்லை.

கேள்வி: நிக்சனின் சீஃப் ஆஃப் ஸ்டாஃப் ஹால்டெமன் சிறைக்குப் போனவர். அவரை எப்படி மதிப்பிடுகிறீர்கள்?

பதில்: இந்த வரலாற்றிலேயே என்னை அதிகம் யோசிக்க வைப்பவர் அவர்தான். விளம்பரத் துறையிலிருந்து வந்தவர். ஊழியர் அமைப்பு, கோப்புகள் போய்வரும் ஒழுங்கு, முடிவு எடுத்த பிறகு அது நடந்ததா என்று விரட்டிப் பார்ப்பது என இன்றைய வெள்ளை மாளிகை நடைமுறையில் பெரும்பகுதி அவர் போட்ட பாதை. அவரையும் நிக்சனின் இன்னோர் ஆலோசகரான எர்லிக்மனையும், யாரையும் அதிபரிடம் எளிதில் விடாததாலும் ஜெர்மானியப் பெயர்கள் என்பதாலும், பெர்லின் சுவர் என்றே அழைத்தார்கள். நிக்சன் கோபத்தில் கத்திச் சொன்ன சில உத்தரவுகளைக் கிடப்பில் போட்டுவிடுவேன் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மறுநாள் நிக்சனின் கோபம் தணிந்திருக்கும். ஒரு நல்ல சீஃப் ஆஃப் ஸ்டாஃப் செய்யவேண்டிய வேலை அது.

அப்படிப்பட்டவர் 1972 ஜூன் 23 அன்று என்ன செய்தார்? வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஆட்கள் பிடிபட்டு ஆறு நாள்தான் ஆகியிருந்தது. எஃப்.பி.ஐ. விசாரணையை நிறுத்த சி.ஐ.ஏ.வைத் தலையிடச் சொல்லலாம் என்ற திட்டத்தை அதிபரின் அறையான ஓவல் அலுவலகத்துக்குள் எடுத்துப் போனவரே அவர்தான். நிக்சன் சம்மதித்தார். அறையிலிருந்த ஒலிப்பதிவுக் கருவி எல்லாவற்றையும் பதிவு செய்தது. அந்த ஒலிநாடா 1974 ஆகஸ்ட் 5-இல் வெளியானது, நான்கே நாளில் நிக்சன் பதவியில் இல்லை. ஹால்டெமன் 1973 ஏப்ரலிலேயே விலகியிருந்தார். சதி, நீதிக்கு இடையூறு, பொய்ச்சாட்சி ஆகிய குற்றங்களுக்காக 18 மாதம் சிறையில் இருந்தார். "இது தப்பு, செய்யக் கூடாது" என்று அன்றைக்கு அந்த அறையில் சொல்லியிருக்க வேண்டியவர் அவர். சிறந்த நிர்வாகி என்பதால் அவருடைய குற்றம் குறைந்துவிடாது. என் பார்வையில் இன்னும் கனமாகிறது.

கேள்வி: இதுவரை இருந்தவர்களில் யார் சிறந்தவர்?

பதில்: ஜேம்ஸ் பேக்கர். இதில் பெரும்பாலான ஆய்வாளர்களுக்கும் ஒரே கருத்துதான். இத்தனைக்கும் அவர் ரீகனின் ஆள் இல்லை. 1976-இல் ஃபோர்டுக்காகவும் 1980-இல் மூத்த புஷ்ஷுக்காகவும் ரீகனை எதிர்த்துப் பிரசாரம் நடத்தியவர். தனக்கு எது வராது என்று ரீகனுக்குத் தெரிந்திருந்தது. அதைச் செய்யக்கூடியவரை, எதிர் முகாமிலிருந்தே எடுத்துக்கொண்டார். அதிகாரத்தை ரீகனின் நெடுநாள் உதவியாளர்களான எட்வின் மீஸ், மைக்கேல் டீவர் இருவரோடும் பகிர்ந்துகொண்டபடியே பேக்கர் வேலை செய்தார். 1981-இன் வரிக் குறைப்பும், எதிர்க்கட்சியோடு பேசி முடித்த 1983-இன் சமூகப் பாதுகாப்பு (ஓய்வூதியத் திட்டம்) திருத்தமும் நிறைவேறியதில் அவர் பங்கு பெரியது.

1981 மார்ச் 30 அன்று ரீகன் சுடப்பட்டார். துணை அதிபர் புஷ் டெக்சாஸிலிருந்து விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் ஒரு சின்ன அறைக்குள் ஒதுங்கி நின்று பேக்கரும் மீஸும் பேசினார்கள். அதிகாரத்தைத் தற்காலிகமாகத் துணை அதிபருக்கு மாற்றுவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத இரண்டு பேர் அந்த முடிவை எடுத்தது சரியா என்று கேட்டால், எனக்கு இன்றும் உறுத்தல் உண்டு.

கேள்வி: நான்சி ரீகன் ஒரு சீஃப் ஆஃப் ஸ்டாஃபையே வெளியேற்றினார் என்பது நிஜமா?

பதில்: அவர் மட்டும் காரணமில்லை. 1985-இல் பேக்கரும் நிதியமைச்சர் டொனால்ட் ரீகனும் பதவியை மாற்றிக்கொண்டார்கள். நம் எழுத்தில் இரண்டு பெயரும் ஒன்றுபோல இருக்கும், உறவு எதுவுமில்லை. புதியவர் பெரிய நிறுவனத்தை நடத்திய பழக்கத்தில், தன்னையே முதலாளியாக நினைத்தார். நான்சியோடு பேசும்போது போனை வைத்துவிடும் அளவுக்குப் போனார். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்றது 1986 நவம்பரில் வெடித்தது. வெள்ளை மாளிகையில் நிலவிய குழப்பத்துக்கு அவரே முக்கியப் பொறுப்பு என்று அதை விசாரித்த டவர் குழுவின் அறிக்கை சொன்னது. மறுநாள், 1987 பிப்ரவரி 27 அன்று, தன் இடத்துக்கு வேறு ஆள் வருவதைத் தொலைக்காட்சிச் செய்தியின் மூலம்தான் தெரிந்துகொண்டார். ஒரே வாக்கியத்தில் விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் நினைவுக் குறிப்பு எழுதி, அதிபரின் பயணத் தேதிகள் நான்சி கலந்தாலோசித்த ஜோதிடர் சொன்னபடி முடிவானதை உலகத்துக்கே சொன்னார். நாள் நட்சத்திரம் பார்ப்பது அங்கேயும் உண்டு என்று அமெரிக்கர்களே அதிர்ந்துபோனார்கள்.

கேள்வி: 2001 செப்டம்பர் 11 அன்று அதிபர் இளைய புஷ்ஷின் காதில் குனிந்து பேசியவர் யார்?

பதில்: ஆண்ட்ரூ கார்ட், அவருடைய சீஃப் ஆஃப் ஸ்டாஃப். புளோரிடாவின் சரசோட்டாவில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் முன் அதிபர் உட்கார்ந்திருந்தார், எதிரே கேமராக்கள். இரண்டாவது விமானம் இரண்டாவது கோபுரத்தில் மோதியது, அமெரிக்கா தாக்கப்படுகிறது என்று இரண்டே வாக்கியம். சொன்னதும் பின்னால் நகர்ந்துவிட்டார். குழந்தைகள் முன்னால் அதிபர் கேள்வி கேட்டுப் பேச்சு வளர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்ததாகப் பின்னர் விளக்கினார். கார்ட் ஐந்து வருடத்துக்கு மேல் அந்தப் பதவியில் இருந்தார். அது அபூர்வம்.

கேள்வி: நெருங்கிய நண்பரை நியமிப்பது நல்லதுதானே?

பதில்: பெரும்பாலும் நல்லதில்லை. கிளின்டனின் முதல் சீஃப் ஆஃப் ஸ்டாஃப் மாக் மெக்லார்ட்டி, ஹோப் என்ற ஊரில் அவரோடு சின்ன வயதில் விளையாடியவர். எல்லோருக்கும் பிடித்த நல்ல மனிதர், ஆனால் கண்டிப்பு காட்ட முடியவில்லை. கூட்டங்கள் முடிவில்லாமல் நீண்டன. 1994-இல் லியோன் பனெட்டா வந்து கதவை இறுக்கினார். நினைத்த நேரத்தில் ஓவல் அலுவலகத்துக்குள் நுழைவதை நிறுத்தினார். ஆட்சி நிமிர்ந்தது. நட்பு இருக்கிற இடத்தில் "வேண்டாம்" என்று சொல்ல நா எழுவதில்லை.

கேள்வி: டிரம்ப்பிடம் யாரும் நிலைப்பதில்லையே?

பதில்: முதல் ஆட்சியில் நான்கு பேர்: பிரீபஸ், கெல்லி, மல்வேனி, மெடோஸ். பிரீபஸ் ஆறு மாதம்தான் இருந்தார், அவரை மாற்றியது ட்விட்டரில் அறிவிக்கப்பட்டது. கெல்லி ஓய்வுபெற்ற ஜெனரல், ராணுவக் கட்டுப்பாட்டைக் கொண்டுவரப் பார்த்தார். அதிபரே கட்டுப்பட விரும்பாதபோது யாராலும் அது முடியாது. இரண்டாம் ஆட்சிக்கு 2025 ஜனவரியில் சூசி வைல்ஸ் வந்தார். இந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். இதற்கு இவ்வளவு காலம் ஆனதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: அதிபரோடு பேசியதை நாடாளுமன்றம் கேட்டால் சீஃப் ஆஃப் ஸ்டாஃப் சொல்லியாக வேண்டுமா?

பதில்: இது இன்னும் முழுதாகத் தீராத சண்டை. ஆலோசனை ரகசியமாக இருந்தால்தான் ஆலோசகர் மனம் திறந்து பேசுவார் என்பது வெள்ளை மாளிகையின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த உரிமைக்கு எல்லை உண்டு என்று 1974-இல் நிக்சன் ஒலிநாடா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அது குற்றவியல் வழக்கு சம்பந்தப்பட்டது. நாடாளுமன்ற விசாரணை என்று வரும்போது நிலைமை வேறு. டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த 2021 ஜனவரி 6 கலவரத்தின் விசாரணையில் மார்க் மெடோஸ் பல குறுஞ்செய்திகளைக் கொடுத்துவிட்டு, சாட்சி சொல்ல மறுத்தார். பிரதிநிதிகள் சபை டிசம்பரில் அவர் மீது அவமதிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. நீதித்துறை அமைச்சகம் வழக்குத் தொடர மறுத்துவிட்டது.