புதுப் பந்து வாங்கலாமா, போலிங்கையே விட்டுவிடலாமா?

கேள்வி: மலேசியாவின் கிள்ளானிலிருந்து எழுதுகிறேன், வயது 34. வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்ததும் பக்கத்துப் பேரங்காடியில் போலிங் (பந்தை உருட்டிப் பத்துப் பின்களை வீழ்த்தும் ஆட்டம்) ஆடுவேன். வலக்கை, சராசரி 171. போன வார இறுதியில் ஈப்போவில் நடந்த ஒரு அமெச்சூர் போட்டிக்கு அலுவலக நண்பனோடு போனேன். சனிக்கிழமை 163, 142, 131. ஒரே இடத்தில் நின்று ஒரே மாதிரிதான் போட்டேன். ஞாயிறு இன்னும் வேகமாக வீசிப் பார்த்தேன்: 149, 138, 154. இறுதிச் சுற்றுக்கு 66 பின் (புள்ளி) குறைந்துவிட்டது. நடுவில் பின் அடுக்கும் இயந்திரம் கோளாறாகி அரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். சராசரி 140 உள்ள நண்பன் ஹேண்டிகேப் (சராசரிக்கு ஏற்பக் கூட்டித் தரும் புள்ளி) புண்ணியத்தில் உள்ளே போய்விட்டான். அவன் ஆடி முடிக்கும்வரை நான் காரில் உட்கார்ந்திருந்தேன், திரும்பும்போதும் பேசவில்லை. 1,200 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு புதுப் பந்து பார்த்துவைத்திருக்கிறேன். வாங்கலாமா? இல்லை, இந்த வயதில் எதற்கு என்று விட்டுவிடலாமா? ஸ்கோர் தாளையும் விதிமுறைத் தாளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: அந்தப் பந்தை வாங்காதீர்கள் தம்பி. ஆட்டத்தை விடவும் வேண்டாம். தாள்களைச் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று, வெறும் கடிதத்தைப் படித்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து இயந்திரத்தையும் ஹேண்டிகேப்பையும் திட்டிக்கொண்டிருப்பேன்.

முதலில் ஹேண்டிகேப். 200க்கும் அவரவர் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் 80 விழுக்காடு என்று விதியில் இருக்கிறது. ஆக, ஆட்டத்துக்கு உங்களுக்கு 23, நண்பருக்கு 48. அவருக்கு அள்ளிக் கொடுத்ததுபோலத் தெரியும். ஆனால் இருவரும் தத்தம் சராசரியை அப்படியே ஆடியிருந்தால் ஆறு ஆட்டத்தில் ஹேண்டிகேப் சேர்த்து உங்கள் மொத்தம் 1,164, அவருடையது 1,128. வித்தியாசத்தை முழுதாக ஈடுகட்டாமல் 80 விழுக்காட்டில் நிறுத்துவதால் சராசரி கூடியவருக்குத்தான் இன்னமும் சாதகம். நீங்கள் எடுத்தது 877, ஹேண்டிகேப் சேர்த்து 1,015. உங்கள் சராசரியைவிட ஏறக்குறைய 150 பின் குறைவு. அதற்கு அவர் என்ன செய்வார், பாவம்!

சரி, அந்த 150 எங்கே போயிற்று? கொஞ்சம் எண்ணெயில் போயிற்று. பந்து உருளும் பாதையான லேனில் எண்ணெய் பூசியிருக்கும். பேரங்காடி லேன்களில் பெரும்பாலும் நடுவில் எண்ணெயை நிறையப் போட்டு ஓரத்தில் மெல்லிசாக விட்டிருப்பார்கள். வலக்கைக்காரர் பந்தை வலப்பக்கம் தவறவிட்டாலும் அங்கே பிடிப்பு கிடைத்துத் திரும்பி வந்துவிடும், உள்ளே இழுத்துவிட்டாலும் நடு எண்ணெயில் வழுக்கி நேராகப் போய்விடும். தப்பாகப் போட்டாலும் பாக்கெட்டில் (முன்னால் நிற்கும் ஒன்றாவது பின்னுக்கும் மூன்றாவது பின்னுக்கும் இடையில்) விழுகிற இந்தச் சொகுசில் வந்ததுதான் உங்கள் 171. போட்டிக்கு எண்ணெயைக் குறுக்கே ஓரளவு சமமாகப் பரப்பினால் இந்தத் தயவெல்லாம் கிடையாது. இதில் இன்னொன்றும் உண்டு, ஒவ்வொரு பந்தும் உருளும்போது கொஞ்சம் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போகிறது, அதனால் ஆட்டம் போகப் போகப் பந்து சீக்கிரமே வளைந்து ஒன்றாவது பின்னின் நெற்றியிலேயே மோதும், மிச்சம் ஸ்பிளிட்டாக, அதாவது இடைவெளி விட்டுப் பிரிந்து நிற்கும். உங்கள் சனிக்கிழமை 163, 142, 131 என்று படிப்படியாக இறங்கியதற்கும், மூன்றாவது ஆட்டத்தில் மட்டும் நான்கு ஸ்பிளிட் விழுந்ததற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கும். நீங்களோ நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பந்து இடப்பக்கம் தவறினால் நீங்களும் இடப்பக்கம் நகர வேண்டும், கால் இரண்டு பலகை (லேனில் நீளவாக்கில் பதித்திருக்கும் பட்டை), கண் ஒரு பலகை. ஸ்பிளிட் விழும்வரை காத்திருக்கக் கூடாது, பந்து ஒன்றாவது பின்னில் கொஞ்சம் அதிகமாகப் பட்டும் ஸ்ட்ரைக் (ஒரே பந்தில் பத்தும்) விழுகிறதே, அதிர்ஷ்டம் என்று கைதட்டிக்கொள்கிறோமே, அப்போதே நகர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேகத்தைக் கூட்டியதும் உதவவில்லை, வேகமான பந்து தாமதமாகத்தான் வளையும். பாக்கெட்டுக்குள் கோணமில்லாமல் தட்டையாக நுழைந்து வலது மூலையில் பத்தாவது பின்னை நிற்கவைத்துவிட்டுப் போகும்.

அந்தப் பத்தாவது பின்தான் உங்கள் வினை. 60 ஃபிரேமில் (ஒரு ஆட்டத்துக்குப் பத்து முறை) ஒற்றைப் பின் மட்டும் நின்று அதையும் தவறவிட்டது 11 முறை, அதில் ஏழு பத்தாவது பின். ஒற்றைப் பின்னைத் தவறவிட்டால் ஒரு புள்ளிதானே போகிறது என்று தோன்றும், ஆனால் ஸ்பேர் (மிச்சப் பின்னை இரண்டாவது பந்தில் வீழ்த்துவது) விழுந்தால் அடுத்த பந்தில் விழுகிற பின்களும் சேருமே, ஆக ஒவ்வொன்றுக்கும் எட்டு ஒன்பது பின் போகிறது. பதினொன்றுக்கும் கூட்டினால் நூறுக்குப் பக்கத்தில். உங்களுக்குக் குறைந்ததோ 66! ஒரு ஸ்ட்ரைக் கூட இல்லாமல், ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒன்பதும் ஸ்பேருமாகவே ஆடினால் 190 வரும் தெரியுமா?

இதற்கு வேண்டியது விலை குறைந்த ஒரு சாதாரண பிளாஸ்டிக் பந்து, உங்கள் விரலுக்குத் துளை போட்டு. பிளாஸ்டிக் எண்ணெயில் அதிகம் பிடிக்காது, நேராகப் போகும். இடது ஓரத்தில் நின்று லேனுக்குக் குறுக்கே மூலையைப் பார்த்து விடுங்கள். நீங்கள் பார்த்துவைத்திருக்கிற 1,200 வெள்ளிப் பந்து வளைவதற்கென்றே செய்தது, அதை வைத்துப் பத்தாவது பின்னைக் குறிவைத்தால் இன்னும் அதிகமாகத்தான் தவறும். (விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.) வாரத்தில் இரண்டு நாளில் ஒரு நாளை ஸ்பேருக்கே ஒதுக்குங்கள்: பத்துப் பின்னும் நிற்கும்போது முதல் பந்தில் பத்தாவதை மட்டும் உரசி வீழ்த்தப் பாருங்கள். ஸ்கோர் கேவலமாகத்தான் வரும், வரட்டும்.

இயந்திரக் கோளாறுக்கு நீங்கள் எரிச்சல்பட்டது நியாயம்தான். அரை மணி நேரம் உட்கார்ந்தால் கை இறுகிவிடும். அடுத்த முறை அப்படி ஆனால் மறுபடி தொடங்குமுன் ஓரிரண்டு பயிற்சிப் பந்து தருவார்களா என்று நடத்துபவர்களிடம் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

வயதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிலிப்பைன்ஸின் பெயெங் நெபோமுசேனோ போலிங் உலகக் கோப்பையை முதலில் வென்றது 1976இல், 19 வயதில். அப்புறம் 1980, 1992. நான்காவது முறை 1996இல் வென்றபோது அவருக்கு 39. உங்களை யாரும் உலகக் கோப்பைக்கு அனுப்பப் போவதில்லை, ஆனால் 34 வயதைச் சாக்காகச் சொல்லாதீர்கள்.

நண்பர் விஷயம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. புது லேன், புது எண்ணெய், பக்கத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நீங்கள், இத்தனைக்கும் நடுவில் மனிதர் தன் ஆட்டத்தை ஆடியிருக்கிறார். அவர் இறுதிச் சுற்று ஆடும்போது பின்னால் நின்று கைதட்ட ஒருத்தர்கூட இல்லை, வந்த ஒரே ஆளும் காருக்குள். இன்று இரவே கூப்பிட்டுப் பேசுங்கள். விளக்கமெல்லாம் வேண்டாம், "நல்லா ஆடினடா, நான்தான் கொஞ்சம் கடுப்பில் இருந்தேன்" என்றால் போதும். அப்படியே சனிக்கிழமை நீங்கள் எந்தப் பலகையில் நின்றீர்கள், அவர் எங்கே நின்றார் என்றும் கேட்டுப் பாருங்கள், ஒருவேளை அவர் நகர்ந்திருப்பார். அடுத்த முறை ஈப்போவுக்குப் போகும்போது பெட்ரோல் செலவைப் பாதியாகப் பிரிக்கவும் ஆள் வேண்டுமே.