மூடி வைத்தும் துரு பிடிக்கிறதே?

கேள்வி: வேதாரண்யத்தில், உப்பளத்துக்குப் பக்கத்தில் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். இழைப்பு மெஷினின் காஸ்ட் அயர்ன் டேபிளில் தினமும் தேங்காய் எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் போகிறேன். ஆனாலும் ஐப்பசி பிறந்தால் துரு பூத்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தத் தார்ப்பாயை அவிழ்த்துப் போடுங்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றி, விடியற்காலையில் இரும்பு குளிர்ந்ததும் அதன்மேல் முத்து முத்தாக வேர்க்கும். கூரை ஒழுகாதென்றால் பழைய பருத்திப் போர்வை போதும்.

உங்கள் ஊருக்கு இன்னொரு தொல்லை, உப்புத் தூசி. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடியைப் பார்த்திருப்பீர்களே! டேபிளில் படிந்த உப்புத் தூசியைத் துடைக்காமல் மேலே எண்ணெய் தடவினால் உப்பையும் சேர்த்து உள்ளே பூட்டி வைத்த மாதிரிதான். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். ஆமாம், தண்ணீர்தான், உப்பு எண்ணெயில் கரையாது. கையோடு காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

இருக்கிற துருவுக்கு 400 நம்பர் வாட்டர் பேப்பர். மரக்கட்டையில் சுற்றி, மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ தொட்டு, நீளவாக்கில் தேயுங்கள். வெறும் விரலால் ஒரே இடத்தில் தேய்த்தால் பள்ளம் விழும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். பிசுக்கேறி மரத்தூளைப் பிடிக்கும், தூள் ஈரத்தைப் பிடிக்கும். நான் போடுவது தேன்மெழுகு. ஒரு பங்கு மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து, தள்ளி எடுத்து வந்த பிறகே மூன்று பங்கு டர்பன்டைன் சேர்ப்பேன். மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரம் விட்டு, துணியால் அழுத்தித் தேய்த்தால் பலகையும் வழுக்கிக்கொண்டு ஓடும். அடைமழை நாட்களில் வாரம் ஒருமுறை பூசுங்கள்.

பச்சை மரத்தை ராத்திரி டேபிள்மேல் விட்டுப் போகாதீர்கள். கருவேலம்பலகை ஒன்றை அப்படி நான் விட்டதில், மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து பலகை அளவுக்குக் கறுப்பு அச்சு விழுந்தது. எத்தனை தேய்த்தும் முழுசாகப் போகவில்லை.

கார் பாலிஷ் பூசலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதில் சிலிகான் இருந்தால் பலகையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு வார்னிஷ் அடிக்கும்போது அங்கங்கே குழி குழியாக விலகி நிற்கும்.