போனை வைத்துவிட்டால் ஏழெட்டு வந்துவிடுமா?

கேள்வி: அக்கா, கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மகள் அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்பு. அஞ்சாம் வாய்ப்பாடு வரைக்கும் பிரச்சினை இல்லை. அதற்கு மேல் ஆறு, ஏழு, எட்டு எதுவும் மண்டையில் நிற்கவே மாட்டேன் என்கிறது. சுவரில் அட்டை ஒட்டினேன், யூடியூபில் வாய்ப்பாட்டுப் பாட்டு போட்டுக் காட்டினேன், ஏழாம் வாய்ப்பாட்டை ஐம்பது தடவை எழுத வைத்தேன். வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்கிறார், மாதம் ஒரு தடவை வருவார். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு போன் பண்ணி அவளிடம் வாய்ப்பாடு கேட்பார், தப்பாகச் சொன்னால் போனை வைத்துவிடுவார். நான் பகலெல்லாம் புளி தட்டப் போகிறேன், உட்கார்ந்து சொல்லித்தர நேரமில்லை. வீட்டில் மாமியார் இருக்கிறார்கள். விளையாட்டாகவே மனப்பாடம் ஆகிற மாதிரி வழி சொல்லுங்கள்.

பதில்: வழி இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன ஒரு வரியைப் பேசியாக வேண்டும். "தப்பாகச் சொன்னால் போனை வைத்துவிடுவார்." அட்டையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள், பாட்டைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் தினமும் நடக்கிற சங்கதிதானே என்று விட்டுவிட்டீர்கள்.

அந்தப் பிள்ளை இடத்தில் இருந்து பாருங்கள். அவள் அப்பாவைக் கண்ணால் பார்ப்பது மாதம் ஒரு தடவை. மற்ற நாளெல்லாம் அவளுக்கு அப்பா என்றால் எட்டு மணி போன்தான். அதில் அவர் "சாப்பிட்டியா பாப்பா, இன்னிக்கு யார்கூட விளையாடினே" என்று கேட்கிறாரா? நீங்கள் எழுதவில்லை. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்கிறார். அவள் தடுமாறியதும் அப்பா போய்விடுகிறார். திரும்ப வர மறுநாள் ராத்திரி ஆகும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை அவள் படித்தாளோ இல்லையோ, தப்பு செய்தால் அப்பா போய்விடுவார் என்பதை நன்றாகப் படித்துவைத்திருப்பாள்.

அந்த போன் யாருடையது? உங்களுடையது. அவர் வைத்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதும் கடிதத்திலேயே இருக்கிறது: ஐம்பது தடவை எழுத வைத்தீர்கள். அப்பா ஒரு தண்டனை, அம்மா இன்னொரு தண்டனை, குற்றம் ஏழாம் வாய்ப்பாடு. அவர் கோபத்துக்குப் பயந்துகொண்டு பிள்ளையைச் சரிசெய்யப் பார்க்கிறீர்கள். சரிசெய்ய வேண்டிய ஆள் பெங்களூரில் இருக்கிறார். அவரிடம் பேச வேண்டியது நீங்கள்தான். நாலாம் வகுப்புப் பிள்ளையால் அதைப் பேச முடியாது.

அவருக்குக் கல்நெஞ்சு என்று நான் சொல்லவில்லை. படித்திருந்தால் இந்த வெயிலில் முட்டு சுமக்க வேண்டாமே, என் பிள்ளைக்கும் இந்தக் கதி வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு இருக்கும். அதற்காக நானும் வருந்துகிறேன். ஆனால் பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன மனிதனுக்குக் காசு அனுப்புவதோடு கடமை தீர்ந்துவிடாது. வாய்ப்பாடு சொல்லித்தர வாத்தியார் இருக்கிறார், அப்பாவாகப் பேச அவர் ஒருவர்தான் இருக்கிறார். பெங்களூர் என்ன கடல் தாண்டியா இருக்கிறது? கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். மாதம் ஒரு தடவை வருகிறவர் இரண்டு தடவை வர முடியுமா என்றும் கேளுங்கள். பஸ் காசைப் பார்க்க வேண்டிய செலவு இல்லை இது.

இன்னொன்றும் அவருக்குத் தெரிய வேண்டும். அட்டையிலும் பாட்டிலும் பழகிய பிள்ளை வாய்ப்பாட்டை வரிசையாகத்தான் வைத்திருக்கும். நடுவில் ஏழெட்டு என்று கேட்டால், மனதுக்குள் ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று முதலிலிருந்து ஓடித்தான் அந்த இடத்துக்கு வந்து சேரும். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அவள் மூவேழு, நாலேழு என்று வந்துகொண்டிருக்கும்போதே அவர் போனை வைத்துவிடுகிறார். பயம் வந்தால் தெரிந்ததும் வாயில் வராது. பத்துப் பேர் முன்னால் திடீரென்று எழுந்து பேசச் சொன்னால் பெரியவர்களுக்கே நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

இனி நீங்கள் கேட்ட வழிக்கு வருகிறேன். முதலில் அவளுக்கு எவ்வளவு பாக்கி என்று உட்கார்ந்து எண்ணுங்கள். அஞ்சு வரைக்கும் தெரியும் என்கிறீர்கள். மூவேழு இருபத்தொன்று தெரிந்தவளுக்கு ஏழு மூன்றும் தெரிந்ததாகத்தான் அர்த்தம், திருப்பிப் போட்டாலும் விடை அதேதான். பத்தாம் வாய்ப்பாடு எந்தப் பிள்ளைக்கும் வந்துவிடும். ஆகவே ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது நாலையும் சேர்த்து அவள் புதிதாகப் படிக்க வேண்டியவை பத்தே பத்து: 36, 42, 48, 54, 49, 56, 63, 64, 72, 81. இதற்குத்தான் வீட்டில் இவ்வளவு கண்ணீர்.

ஒன்பதுக்குக் கையே போதும். பத்து விரலையும் விரித்து, ஒன்பதேழு வேண்டுமென்றால் இடப்பக்கமிருந்து ஏழாவது விரலை மடக்கட்டும். மடக்கிய விரலுக்கு இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் மூன்று, ஆக அறுபத்துமூன்று. பிள்ளைகளுக்கு இது மந்திரம் மாதிரி இருக்கும், ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிவார்கள். பத்தில் நாலு இதிலேயே போய்விட்டது. ஆறுக்கு, தெரிந்த அஞ்சோடு ஒன்று கூட்டினால் போதும்: ஐயேழு முப்பத்தைந்து, இன்னொரு ஏழு சேர்த்தால் நாற்பத்திரண்டு. எட்டுக்கு மூன்று தடவை இரட்டிப்பது: ஏழு, பதினாலு, இருபத்தெட்டு, ஐம்பத்தாறு. எட்டெட்டும் அப்படியே வரும். கடைசியில் ஒரு துணையும் இல்லாமல் நிற்பது ஏழேழு நாற்பத்தொன்பது ஒன்றுதான். அதை மட்டும் அப்படியே மனதில் போட்டுக்கொள்ளட்டும். நாளாக நாளாக இந்த வழிகள் தேவைப்படாமல் விடை நேராக வாய்க்கு வரும். அதுதான் மனப்பாடம். அதை அவசரப்படுத்தாதீர்கள்.

விளையாட்டுக்கு வேண்டியதெல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. புளி தட்டுகிற இடத்தில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமா? மாமியார் வீட்டில் இருக்கிறார்கள் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள், ஏதோ தட்டுமுட்டுச் சாமான் இருக்கிறது என்பதுபோல. பேத்தியோடு உட்கார நேரமிருக்கிற ஒரே ஆள் அவர்கள்தான். பல்லாங்குழிப் பலகை இல்லாவிட்டால் திண்ணையில் சாக்பீஸால் பக்கத்துக்கு ஏழு வட்டம் போடுங்கள். நாலு சேர்ந்தால் பசு என்று எடுக்கிற ஆட்டத்தை ஆயா சொல்லித்தருவார். ஆட்டம் தொடங்கும்போது குழிக்கு இத்தனை கொட்டை என்று பாப்பா தினம் ஒரு எண் சொல்லட்டும். குழிக்கு ஆறு என்றால் ஒரு பக்கத்து ஏழு குழிக்கு எத்தனை கொட்டை வேண்டும்? முதலில் அவள் சொல்லட்டும், பிறகு ஆயா எண்ணி வைக்கட்டும். சரியா தப்பா என்று கொட்டையே காட்டிவிடும். யாரும் திட்டவும் வேண்டாம், மெச்சவும் வேண்டாம். ஏழு குழி இருப்பதால் ஏழாம் வாய்ப்பாடு தானாக அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே என்று சொல்லாதீர்கள். எண்ணத் தெரிந்தால் போதும்.

காலண்டரில் கிழித்த தாள்களைச் சீட்டாக நறுக்கி முன்பக்கம் 7 × 8, பின்பக்கம் 56 என்று அவளையே எழுதச் சொல்லி, கலைத்துப் போட்டு விளையாடலாம். ஒரு நாளுக்குப் புதுச் சீட்டு ஒன்றோ இரண்டோ போதும், மற்றவை தெரிந்தவையாக இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அந்தச் சமயத்தில் சுவர் அட்டையைத் திருப்பி வையுங்கள். விடை கண் முன்னால் இருந்தால் படிப்பாளே தவிர யோசிக்க மாட்டாள்.

வகுப்பு ஆசிரியரையும் ஒரு நாள் போய்ப் பாருங்கள். 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கி அடுத்த ஆண்டே 4, 5 வகுப்புகளுக்கும் வந்த தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படியாகப் பிரித்து, பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து கூட்டிப்போகும் வழி வைத்தார்கள். அரசாங்கமே அவ்வளவு பொறுமை காட்டியிருக்கிறது, பெற்றவர் காட்டக் கூடாதா?

இப்போது எட்டு மணி போன். இன்றைக்கு அவர் கூப்பிடும் முன் நீங்கள் கூப்பிடுங்கள். ஒரு மாதத்துக்கு அவர் வாய்ப்பாடு கேட்கக் கூடாது, பாப்பாதான் அவரைக் கேட்பாள் என்று சொல்லுங்கள். அவருக்குத் தெரியாத கணக்கா? சென்ட்ரிங் ஷீட் பொதுவாக மூன்றடிக்கு இரண்டடி, ஒன்றுக்கு ஆறு சதுர அடி. எட்டு ஷீட் என்றால் நாற்பத்தெட்டு. ஆறாம் வாய்ப்பாட்டை அந்த மனிதர் பகலெல்லாம் தோளில் தூக்கிக்கொண்டுதான் அலைகிறார். ஏழு வரிசை, வரிசைக்கு எட்டு முட்டு நட்டோம், மொத்தம் எத்தனை என்று அவர் தன் வேலைக் கதையைச் சொல்லட்டும், அவள் கணக்குப் போடட்டும். அவள் கேட்கும்போது நடுநடுவே அவர் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லட்டும். அவள் சிரித்துக்கொண்டே திருத்துவாள். அப்பா தப்பாகச் சொன்னார் என்று அவள் போனை வைக்கிறாளா பாருங்கள்.

அவர் முரண்டு பிடித்தால் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். கோபம் என் மேல் வரட்டும், அவள் மேல் வர வேண்டாம். மாதம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். ஏழாம் வாய்ப்பாடு வந்ததா என்று எழுத வேண்டாம். அவள் தப்பாகச் சொன்ன அன்று அவர் போனை வைக்காமல் பேசினாரா, அதை மட்டும் எழுதுங்கள்.