குரலும் மேடையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறுகளில் தமிழ் டப்பிங், மாட்டுங்காவில் குழந்தைகளுக்குக் கதை சொல்வது, நண்பர்களோடு நாடகம் என்று ஓடுகிறேன். 'ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்' என்கிறார்கள் வீட்டில். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அக்கா?
(வாசகர், செம்பூர், மும்பை)

பதில்: எனக்கும் இதையேதான் சொன்னார்கள், தம்பி. இருபது வருடம் ஆகிறது, நான் எதையும் விடவில்லை. நேற்று காலை அந்தேரியில் ஒரு கொரியத் தொடரின் மாமியாருக்குக் குரல் கொடுத்தேன். சாயங்காலம் சயானில் பிள்ளைகளுக்கு நரியாக ஊளையிட்டேன். கேஸ் புக் பண்ணுவதற்கு ஒரு காலத்தில் வந்த 'தமிழுக்கு இரண்டை அழுத்தவும்' நான்தான். சிலிண்டர் தேவையே இல்லாத நாளிலும் என் அம்மா அந்த எண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து அக்கம்பக்கத்துக்குக் கேட்க வைப்பார்.

கதை சொல்வதை விளையாட்டு வேலை என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளின் கவனம் கொஞ்சம் கலைந்தாலும் அந்த நொடியிலேயே வார்த்தையை மாற்றியாக வேண்டும். டப்பிங்கில் எனக்குச் சோறு போடுவது இந்தப் பழக்கம்தான். திரையில் இந்தி நடிகர் வாயைத் திறந்து 'நஹீ' என்கிறார். நம் ஸ்கிரிப்டிலோ 'மாட்டேன்' என்று இருக்கும். 'மா' உதட்டை மூடித்தான் தொடங்கும், அவர் வாயோடு ஒட்டாது. 'இல்லை' என்றால் உட்கார்ந்துவிடும். இப்படி நூறு இடம் வரும்.

மும்பையில் வளர்ந்த நாக்குக்கு 'ழ' ஒரு தனிப் பஞ்சாயத்து. முதல் வருடம் 'மழை' என்ற ஒரே சொல்லுக்குப் பதினாலு டேக் வாங்கினேன். 'பாட்டு' என்பதை 'ப்ஹாட்டு' என்று சொல்லி மைக்கில் காற்றை ஊதியதும் உண்டு.

ஒன்று இன்னொன்றைக் கெடுக்கும் நாளும் வரும். ஜூஹு பிருத்வி தியேட்டரில் மூன்று பக்கமும் ஆட்கள், இருநூறு சொச்சம் பேர். கடைசி வரிசைக்குப் போகிற மாதிரி பேசிவிட்டு, மறுநாள் அதே குரலோடு மைக் முன்னால் நின்றேன். "பக்கத்து பில்டிங்குக்குமா டப் பண்றீங்க?" என்றார் ரெக்கார்டிஸ்ட். இன்னொரு முறை பேய்ப்படத்துக்குக் கத்தோ கத்தென்று கத்தினேன். அடுத்த நாள் நாடகத்தில் வந்தது கிழிந்த குரல். இப்போது அலறல் எல்லாம் செஷனின் கடைசியில்தான். ஷோவுக்கு முந்தின இரண்டு நாள் அதுவும் கிடையாது.

வங்கி வேலையை மட்டும் இப்போதைக்கு விடாதீர்கள். ஒரு ஸ்டுடியோ எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் செக் கொடுத்தது. அந்த எட்டு மாதமும் வீட்டு வாடகை கட்டியது என் கணவரின் சம்பளம். ஆனால் டப்பிங் அழைப்பு பெரும்பாலும் வேலை நாளில், பகலில்தான் வரும். லீவைத் திருமணங்களுக்குச் செலவழிக்காமல் இதற்கு வையுங்கள், சொந்தக்காரர்கள் கோபித்தாலும் சரி.

கேள்வி: இனி எல்லாவற்றையும் இயந்திரமே பேசிவிடுமாமே?
(வாசகி, தாராவி)

பதில்: பேசட்டும், என் குரலைத் திருடிப் பேசாமல் இருந்தால் சரி. பாடகர் அரிஜித் சிங்கின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் நகலெடுப்பதற்கு எதிராக 2024-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. நம்மால் வக்கீலுக்குச் செலவழிக்க முடியாது, அதனால் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். 'எந்த ஊடகத்திலும், என்றென்றைக்கும்' என்று இருந்தால் என்ன அர்த்தம் என்று கேளுங்கள். குரலை வைத்து இயந்திரத்தைப் பழக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். எனக்கு ஒரு வேலை அப்படியே போனது, போகட்டும் என்று விட்டேன்.

கேள்வி: தொண்டைக்கு என்ன சாப்பிடுவீர்கள்?
(வாசகி, முலுண்ட்)

பதில்: வெந்நீர். பனங்கற்கண்டும் மிளகும் வாய் ருசிக்கு. ஷோ அன்றைக்கு வடாபாவ் மட்டும் கிடையாது, அந்தப் பூண்டுச் சட்னிப் பொடி தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். திரை விழுந்ததும் இரண்டு.