ஊரடங்கு எல்லாருக்கும் ஒன்றுதானே, சில வீடுகள் மட்டும் ஏன் உடனே நொடிந்தன?

வருமானம் நின்ற பிறகு ஒரு வீடு எத்தனை நாள் கடன்படாமல் அடுப்பெரிக்கும்? அதைத்தான் இடர்தாங்கு திறன் என்கிறோம். 2020 மார்ச் 20 இல் கொரோனாவால் இலங்கை முழுவதும் ஊரடங்கு வந்தபோது, வடக்கிலுள்ள வன்னியில் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

குளத்துக்குக் கீழுள்ள வயலையும் மானாவாரி வயலையும் நினைத்துப் பாருங்கள். மழை பிந்தினால் இரண்டுக்கும் அதே வெயில்தான்; ஆனால் ஒன்றுக்கு வாய்க்காலில் தண்ணீர் வரும், மற்றது வெடித்துப்போகும். மாதச் சம்பள வீட்டுக்குப் பின்னால் குளம் இருக்கிறது. மேசன் வேலைக்கும் கச்சான் பிடுங்கவும் போகிற வீட்டுக்கு அன்றன்றைய கூலிதான் மழை. அதிலும் போரில் நகை, மாடு, சேமிப்பு எல்லாம் இழந்து 2009க்குப் பிறகு வெறுங்கையோடு தொடங்கிய குடும்பங்கள் பல. அடகு வைக்கத் தோடுகூட இல்லை, நுண்கடன் தவணை வேறு கழுத்தில்.

அரசு கொடுத்த 5,000 ரூபா உதவியதுதான். ஆனால் நெருக்கடி வந்த பிறகு பட்டியல் போடத் தொடங்கினால் யாராவது விடுபடுவார்கள். யார் நாட்கூலி, யார் தனித்து வாழும் தாய் என்ற விபரம் கிராம அலுவலரிடம் முன்கூட்டியே இருக்கவேண்டும். என்னைக் கேட்டால் முதல் பாடம் இதுதான்.

"வன்னி நெல் விளையும் பூமி, அங்கே பட்டினி ஏது?" என்று பலர் நினைக்கிறார்கள். நெல் காணிக்காரருடையது; அந்த வயலில் வரம்பு கட்டப் போகிறவர் அரிசியைக் கடையில்தான் வாங்குகிறார்.