பெரிய கம்பெனி ஃப்ரீயா பைலட் கேக்குது, ஒத்துக்கலாமா?

நீடாமங்கலத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "மூணு பேரு சேந்து நெல் டிரையர்ல மாட்டுற ஈரப்பத சென்சார் செஞ்சிருக்கோம். ஒரு பெரிய அரிசி கம்பெனி ஆறு மாசம் ஃப்ரீயா ஓட்டிக் காட்டுங்க, அதுவரைக்கும் வேற மில்லுக்குக் குடுக்காதீங்கன்னு சொல்லுது. சரின்னு சொல்லிடலாமா?"

போங்க தம்பி, ஆனா ஃப்ரீயா போகாதீங்க.

அவங்க ஏன் உங்களைத் தேடி வந்தாங்கன்னு மொதல்ல யோசிங்க. புழுங்கல் நெல்லோட ஈரத்தை 14 சதவீதத்துக்குப் பக்கத்துல இறக்கணும், ஒரேயடியா காஞ்சா எடை போகும், அரவையில குருணை கூடும், இன்னிக்கும் பல மில்லுல ஒரு அனுபவசாலி ரெண்டு நெல்லைக் கடிச்சுப் பாத்துதான் டிரையரை நிறுத்துறாரு, அவரு லீவு போட்டா அன்னிக்கு அரிசியே வேற. இதை அந்தக் கம்பெனி உள்ளுக்குள்ளயே செய்யணும்னா நாலு மீட்டிங், பட்ஜெட், அப்ரூவல்னு வருஷம் ஓடிடும். நீங்க ஒரு வாரத்துல மாத்தி மாட்டுவீங்க. அந்த வேகத்தைத்தான் அவங்க வாங்குறாங்க, அதனால அதுக்கு வெலை கேக்குறது தப்பே இல்ல.

பிஎம்டபிள்யூ கார் கம்பெனி 2015ல ஸ்டார்ட்அப் கராஜ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அவங்க பங்கு கேக்கல, இன்னும் முழுசா முடியாத பொருளைக்கூட காசு குடுத்து வாங்கி கஸ்டமரா உக்காந்து சோதிச்சாங்க. நீங்க கேக்க வேண்டியதும் இதான், சின்னத் தொகையா இருந்தாலும் பர்ச்சேஸ் ஆர்டர். காசு போட்டாதான் மில் மேனேஜரு உங்க போனை எடுப்பாரு. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் ஒம்போது மாசம் சும்மா ஓட்டினான், பேசின அதிகாரி மாறிப் போனதும் புதுசா வந்தவருக்கு அந்த மிஷின் எதுக்கு நிக்குதுன்னே தெரியல, எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல.

வேற மில்லுக்குக் குடுக்கக் கூடாதுங்கறது உங்க கழுத்துல கயிறு. ரொம்ப வற்புறுத்தினா மூணு மாசம், அதுவும் அவங்க பேரு சொல்ற ஒண்ணு ரெண்டு போட்டிக் கம்பெனிக்கு மட்டும்னு எழுதுங்க. சென்சார்ல வர்ற டேட்டா யாருக்குச் சொந்தம்னும் எழுதணும், அவங்க நெல்லுக் கணக்கு அவங்களோடது, ஆனா உங்க அளவீட்டைத் திருத்திக்க அந்த ரீடிங்கை நீங்க வச்சுக்கற உரிமை வேணும். டிசைனைத் தொறந்து காட்டறதுக்கு முன்னாடி பேட்டன்ட்டுக்கு புரொவிஷனல் அப்ளிகேஷன் போட்டுடுங்க, முழு விண்ணப்பம் போட அதுலேர்ந்து 12 மாசம் டைம் இருக்கு.

எது ஜெயிச்சா வாங்குவாங்கன்னு இப்பவே நம்பரா பேசுங்க. லேப்ல ஓவன்ல காயவச்சு எடுத்த ஈரத்துக்கும் உங்க ரீடிங்குக்கும் எவ்வளவு வித்தியாசம் வரலாம், குருணை எவ்வளவு குறையணும், இதெல்லாம் பேப்பர்ல இருக்கணும். ஒப்பிட்டுப் பாக்க தஞ்சாவூர் நிஃப்டெம்ங்கற மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துல கேட்டுப் பாருங்க, நெல் ஆராய்ச்சிக்குன்னே ஆரம்பிச்ச எடம் அது.

பணம் வர்ற விஷயம். சிறு, குறு நிறுவனங்களுக்கான மத்திய அரசோட உத்யம் பதிவு ஃப்ரீதான், உடனே எடுத்து பில்லுல அந்த நம்பரைப் போடுங்க. சிறு, குறு நிறுவனத்துக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாளு, இல்லாட்டி 15 நாளுக்குள்ள குடுத்தாகணும். தாண்டினா ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி, வருமான வரியிலயும் பணத்தைக் குடுத்த வருஷத்துலதான் அதை செலவா கழிக்க முடியும், அதனால அவங்க அக்கவுன்ட்ஸ் ஆளுங்களே இப்ப கெடுவைப் பாக்குறாங்க.

இன்னொண்ணு, எந்த சாகுபடிப் பட்டத்துல ஓட்டப் போறீங்க? தை மாச சம்பா நெல்லுல மட்டும் காட்டினா யாரோட சென்சாரும் நல்லாத்தான் தெரியும். மழையில நனைஞ்சு, கொள்முதல் நிலையத்துல ஈரம் 17 சதவீதம் தாண்டிப் போச்சுன்னு விவசாயிங்க ரோட்டுல கொட்டிக் காயவைக்கற குறுவை நெல்லுதான் பரீட்சை. செப்டம்பர்ல அறுப்பு சூடு பிடிக்கும், ஆடி முடியறதுக்குள்ள ஆர்டரைக் கையில வாங்கிடுங்க.