கன்னடியன் கால்வாய் வேலைக்கான பணமும் துணை மானியக் கோரிக்கையும்

வணக்கம் அண்ணாச்சி. சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாயில் மதகு பழுதுபார்த்த வேலைக்கு இன்னும் பணம் வரவில்லை என்றும், நாடாளுமன்றம் துணை மானியக் கோரிக்கைகளை (பட்ஜெட்டில் ஒதுக்கியது போதாதபோது அரசு கேட்கும் கூடுதல் தொகைகளை) நிறைவேற்றிவிட்டதால் இனி வந்துவிடுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

நாடாளுமன்றம் அரசியலமைப்பின் 115ஆம் பிரிவின்கீழ் ஒப்புதல் அளிப்பது ஒன்றிய அரசுத் துறைகளின் கூடுதல் செலவுக்கு மட்டுமே; உங்கள் வேலையை மாநில நீர்வளத் துறை தன் நிதியில் கொடுத்திருந்தால், அதற்குரிய துணை மானியக் கோரிக்கை 205ஆம் பிரிவின்படி சென்னையில் சட்டமன்றத்தில்தான் வைக்கப்பட வேண்டும். செய்தித்தாளில் வரும் பெருந்தொகையை முழுவதும் புதுப் பணம் என்று எண்ணிவிடாதீர்கள்: அதில் ஒரு பகுதி அந்தந்தத் துறைகளின் சேமிப்பாலும் கூடுதல் வரவாலும் ஈடுகட்டப்படுவது, மீதிதான் உண்மையில் கூடுதலாக வெளியேறும் ரொக்கம். கோரிக்கைகள் நிறைவேறினாலும், நிதி ஒதுக்கச் சட்டம் வந்த பிறகே தொகுநிதியிலிருந்து, அதாவது அரசின் பொதுக் கருவூலக் கணக்கிலிருந்து, பணம் எடுக்க முடியும். இந்தக் கண்டிப்பு உங்களுக்குத் தாமதமாகத் தோன்றலாம்; மக்கள் பணத்துக்கு இது அவசியமான காவல் என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே, பணி ஆணையில் உள்ள கணக்குத் தலைப்பை (செலவு எந்த ஒதுக்கீட்டில் எழுதப்படும் என்று காட்டும் குறியீட்டை) முதலில் பாருங்கள். அதற்கு இந்த ஆண்டு ஒதுக்கீடு உள்ளதா, நீங்கள் கொடுத்த பில் எந்த நிலையில் இருக்கிறது என்று உரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வராவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனு அளியுங்கள், 30 நாள்களுக்குள் விடை தர வேண்டும். செலவாகாத ஒதுக்கீடு மார்ச் 31உடன் காலாவதியாகிவிடும் என்பதால், இந்த வாரமே கடிதத்தைக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.